பன்னிரண்டாம் நம்பர்

அக்கா வீட்டுக் குளியலறை ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை குளியலறையாக இருக்காது. அந்த மூன்று மணி நேரமும் அது அத்தானின் இருட்டறை. ஜன்னல் கண்ணாடியில் கறுப்பு அட்டை ஏறும். வாளியும் குவளையும் நடைக்கு வந்துவிடும். கதவிடுக்கில் திணிக்க ஒரு பழைய போர்வையைச் சுருட்டிக்கொண்டு, "யாருக்காவது அவசரம்னா இப்பவே போயிட்டு வந்துடுங்க. அப்புறம் கதவைத் தட்டக் கூடாது" என்று அத்தான் பொதுவாக அறிவிப்பார். வீட்டில் இருந்ததே மூன்று பேர். அவரைக் கழித்தால் அக்காவும் தராசும்தான்.

தராசு என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தின் பின்னறையில் களிம்பும் பொடியும் எடை போட்டுக் கலப்பது அவள் வேலை. பத்து வருஷமாக மில்லிகிராமோடு குடித்தனம் நடத்தியதில் கையும் கண்ணும் அப்படியே பழகிவிட்டன. சர்க்கரை டப்பாவைத் தூக்கிப் பார்த்தே இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று சொல்லிவிடுவாள். கூட வேலை செய்பவர்கள் விளையாட்டாக வைத்த பெயர் அக்கா காதில் விழுந்து, அத்தான் வாயில் ஏறி, அப்படியே நிலைத்துவிட்டது. அவள் குடியிருந்த கட்டடத்தில் தண்ணீர்க் குழாய்களை அடியோடு பெயர்த்து மாற்றிக்கொண்டிருந்தார்கள். நாலு மாதமாகும் என்றார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டு முன்னறை சோபாவுக்குக் குடிவந்துவிட்டாள்.

அத்தான் குடிநீர் அலுவலகத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுபவர். அவர் எழுதிய பதிலைப் படித்தால் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது போலவே தோன்றும் என்று அக்கா சொல்வாள். அப்படிப்பட்ட எழுத்து. அலுவலகத்தில் அவரை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. ஆனால் நூலகத்து மாடியில் மாதம் ஒருமுறை கூடும் கேமரா சங்கத்தில் அவர் செயலாளர். செயலாளர் பதவியைவிடப் பெரிய பதவி ஒன்றும் அங்கே அவருக்கு இருந்தது. பன்னிரண்டாம் நம்பரைக் கண்டுபிடித்தவர் அவர்.

பன்னிரண்டாம் நம்பர் என்பது கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவும் டெவலப்பர். பழுப்புக் கண்ணாடி பாட்டிலில், வெள்ளைக் காகிதம் ஒட்டி, அழகான கையெழுத்தில் 12 என்று எழுதியிருக்கும். மூடியைத் திறந்தால் லேசாக ஒரு வாசனை வரும். அதைக் கண்டுபிடிக்கும் முன் பதினோரு கலவைகளில் தோற்ற கதையை அத்தான் சாப்பிடும்போது சொல்வார், பஸ்ஸுக்கு நிற்கும்போது சொல்வார். மூன்றாம் நம்பரில் ஃபிலிம் முழுக்கக் கரியாகப் போயிற்று. ஏழாம் நம்பர் கழுவுத்தொட்டியின் பளபளப்பையே தின்றுவிட்டது. பதினொன்றில் படம் வந்தது, ஆனால் மறுநாள் மறைந்துவிட்டது. சங்கத்தில் இருந்த பதினாலு பேரும் ஆளுக்கொரு சின்ன பாட்டிலில் அவரிடம் பன்னிரண்டாம் நம்பர் வாங்கிப் போவார்கள். என்ன கலக்கிறார் என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

முதல் ஞாயிற்றுக்கிழமையே தராசு கேட்டாள்.

"அத்தான், நான் எடை போட்டுத் தரட்டுமா? கண்ணை மூடிக்கிட்டே போடுவேன்."

"இதுல எடையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. கைப்பக்குவம்."

"மருந்துல கைப்பக்குவம்னா ஆளு போயிடுவாங்க அத்தான்."

"அதான் இது மருந்து இல்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

உள்ளே கண்ணாடிக் கோல் கிண்கிணென்று சத்தம் போட்டது. தண்ணீர் ஊற்றும் ஓசை, ஏதோ முணுமுணுப்பு, ஒரு பெருமூச்சு. ஒரு மணி நேரம் கழித்து நெற்றியில் வியர்வையோடு அத்தான் வெளியே வந்தார், பிரசவம் பார்த்துவிட்டு வருகிறவர் மாதிரி.

அவர் வெளியே போனபின் தராசு குளியலறை அலமாரியைப் பார்த்தாள். எட்டு டப்பாக்கள் வரிசையாக நின்றன. மெட்டால், ஹைட்ரோகுவினோன், சோடியம் சல்பைட், போராக்ஸ் என்று எல்லாவற்றிலும் அதே அழகான கையெழுத்து. பார்க்கப் பெரிய விஞ்ஞானி வீடு மாதிரிதான் இருந்தது. ஆனால் தராசின் கண் பெயரைப் பார்க்கவில்லை, அளவைப் பார்த்தது. ஒரு லிட்டர் டெவலப்பருக்குச் சல்பைட் மட்டுமே நூறு கிராம் போகும் என்று அவளுக்குத் தெரியும். டப்பாவோ கழுத்துவரை நிறைந்திருந்தது. மூடிமேல் தூசி. மெட்டால் டப்பாவில் கம்பெனி ஒட்டிய முத்திரைக் காகிதம்கூடக் கிழியவில்லை.

சல்பைட் டப்பாவின் மூடித்தூசியில் சுட்டுவிரலால் இரண்டு கண்ணும் ஒரு சிரிப்பும் வரைந்துவிட்டு வந்தாள். அடுத்த ஞாயிறு அத்தான் மறுபடி உள்ளே ஒரு மணி நேரம் கலக்கினார், பெருமூச்சு விட்டார், வியர்த்து வெளியே வந்தார். அவள் போய்ப் பார்த்தாள். தூசிமுகம் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் பொடி எங்கிருந்து வருகிறது? இரண்டு நாள் தேடினாள். குப்பைக்கூடையில் இல்லை. பழைய பேப்பர்க் கட்டுக்குள்ளும் இல்லை. கடைசியில் செருப்பு அலமாரியில், அத்தானின் பழைய மழைக்கால பூட்ஸுக்குள் கை விட்டபோது கிடைத்தது. எட்டாக மடித்த காகித உறைகள், மொத்தம் ஆறு. எந்தப் போட்டோக் கடையிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் முதல் வரிசையில் இருக்கும் சாதாரண டெவலப்பர் பாக்கெட். பின்பக்கம் கொட்டை எழுத்தில் 'வெந்நீரில் கொட்டிக் கரைக்கவும்' என்று போட்டிருந்தது. இன்னொரு பூட்ஸில் கட்டைவிரல் அளவு கண்ணாடிக் குப்பி ஒன்று. மூடியைத் திறந்து மோந்தாள். கிராம்பு எண்ணெய்.

பதினோரு தோல்விக்குப் பின் கிடைத்த வெற்றி அவ்வளவுதான். கடைப் பாக்கெட்டும் இரண்டு சொட்டுக் கிராம்பு எண்ணெயும்.

பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, நடையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அன்றைக்கே அக்காவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் போட்டுக்கொடுப்பதில் என்ன ருசி இருக்கிறது? உறைகளை அதே எட்டு மடிப்பில் பூட்ஸுக்குள் திருப்பி வைத்தாள். மனுஷன் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்கிறார், கண்டுபிடித்துத்தான் காட்டுவோமே என்று தோன்றியது.

நூலகத்தில் ஒரு பழைய இருட்டறைக் கையேடு கிடைத்தது. அதன் கடைசிப் பக்கங்களில், டெவலப்பர் கிடைக்காத ஊரில் என்ன செய்வது என்று ஒரு பகுதி. அதைப் படித்ததும் தராசுக்குக் காது மடல் சூடாயிற்று. தலைவலிக்குப் போடும் பாராசிட்டமால் மாத்திரை, காஸ்டிக் சோடா, சோடியம் சல்பைட். மூன்றையும் தண்ணீரில் சேர்த்து மூன்று நாள் வைத்தால் மாத்திரை பிளந்து நல்ல டெவலப்பராக மாறிவிடுமாம். தன் தொழிலுக்கென்றே யாரோ எழுதி வைத்தது போலிருந்தது.

புதன்கிழமை அவளுக்கு வார விடுமுறை. அத்தான் அலுவலகம் போனதும் கடை விரித்தாள். முப்பது மாத்திரைகளைக் கல்வத்தில் போட்டு மாவாக இடித்தாள். சல்பைட் டப்பாவை, அது வாங்கப்பட்ட நாளிலிருந்து முதல் முறையாக, திறந்து ஐம்பது கிராம் எடுத்தாள். கையுறை மாட்டி, கண்ணாடி போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, காஸ்டிக் சோடாவைக் குளிர்ந்த தண்ணீரில் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டாள். சோடாமேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்து முகத்தில் அடிக்கும். பீங்கான் பாத்திரம் கையைச் சுடும் அளவுக்குச் சூடேறி, ஆறியது. எல்லாம் சேர்ந்ததும் அழுக்குப் பால் போல ஒரு திரவம் கிடைத்தது. அதைப் பாட்டிலில் ஊற்றி, 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று மருந்தக லேபிள் ஒட்டி, தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

அடுத்த புதன்கிழமை திறந்து பார்த்தபோது அடியில் மாத்திரையின் மாவு படிந்து, மேலே தேநீர் போன்ற தெளிந்த செம்மை நின்றது. வடிகட்டி எடுத்துக்கொண்டாள். ஆனால் நேராக அத்தானின் படத்தில் கை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. விளையாட்டு வேறு, ஒருவர் எடுத்த படத்தைப் பாழாக்குவது வேறு. அக்காவின் பழைய கேமராவில் ஒரு சுருள் போட்டு, நாற்காலி, ஜன்னல், காயும் துணி என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்திருந்தாள். அதை இருட்டில் மூன்று துண்டாக வெட்டி, ஆறு, எட்டு, பத்து நிமிஷம் என்று தனித்தனியாகக் கழுவத் திட்டம். அத்தான் வழக்கமாக எட்டு நிமிஷம் கழுவுவார். அவளுடைய திரவமும் எட்டு நிமிஷத்தில் வேலையை முடித்தாக வேண்டும்.

இரண்டாவது துண்டு ஓடிக்கொண்டிருந்தபோது குளியலறைக் கதவு திறந்தது.

"வீட்டுல ஒரு தலைவலி மாத்திரை இல்ல. நீ எங்கயாவது..." என்று வந்த அக்கா அப்படியே நின்றாள். தங்கை ஒரு கையில் ஃபிலிம் கழுவும், வெளிச்சம் புகாத டேங்கும் இன்னொரு கையில் கடிகாரமுமாக வாளிமேல் உட்கார்ந்திருந்தாள். "என்னடி இது. இந்த வீட்டுக் குளியலறைக்கு ஒருத்தர் போதாதா?"

"கதவைச் சாத்திட்டு வா. சொல்றேன்."

சொன்னாள். பூட்ஸ், பாக்கெட், கிராம்பு எண்ணெய், எல்லாம். அக்கா முகத்தில் முதலில் கோபம் வந்தது, அடுத்து யோசனை வந்தது, அதற்கடுத்து உதடு ஓரம் துடித்தது.

"அஞ்சு வருஷமா இந்த மனுஷன் கலக்குறார்னு நான் நடையில வாளியை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்" என்றாள். "ஒரு மணி நேரம் உள்ள என்னதான் பண்றாராம்?"

"கண்ணாடிக் கோலை வச்சு டம்ளரைத் தட்டிக்கிட்டு இருப்பாரா இருக்கும்."

"அவர் படம் கெட்டுப்போயிடாதுல்ல?"

"அதுக்குத்தான் முதல்ல என் படத்துல பார்க்குறேன்."

அக்கா கதவைத் தாழிட்டாள். "நான் எதையும் பார்க்கல" என்று சொல்லிவிட்டுக் குளியலறைத் திட்டில் உட்கார்ந்தாள். எட்டிக் கடிகாரத்தைப் பார்த்தாள். "எத்தனை நிமிஷம் ஆச்சு?" என்றாள்.

நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து இருவரும் தலையோடு தலை ஒட்டிப் பார்த்தார்கள். மணல் தூவியது போலப் புள்ளிப் புள்ளியாகக் கிரெயின் இருந்தது. ஆனால் கொடியில் காய்ந்த துண்டின் ஒவ்வொரு நூலும் தனித்தனியாக நின்றது. ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர், இருபது டிகிரி, எட்டு நிமிஷம். கணக்குச் சரியாக வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணிக்கு அக்கா, சமையலறை மேல்தட்டிலிருந்து எதையோ எடுத்துத் தரச் சொல்லி அத்தானை ஸ்டூலில் ஏற்றினாள். அது இல்லை, அதற்குப் பக்கத்தில், அதுவும் இல்லை, பின்னால் என்று இருபது நிமிஷம் இறங்கவிடவில்லை. அதற்குள் தராசு, அத்தான் போன வாரமே கலந்து நிரப்பி வைத்திருந்த பழுப்பு பாட்டிலைக் காலி செய்து, கழுவி, புதிதாகக் கரைத்த தன்னுடையதை ஊற்றி, இரண்டு சொட்டுக் கிராம்பு எண்ணெய் விட்டுக் குலுக்கி, அதே இடத்தில் வைத்துவிட்டாள்.

ஐந்து மணிக்கு அத்தான் வெளியே வந்தார். அன்றைக்குக் கலக்கும் வேலை இல்லாததால் வழக்கமான வியர்வையும் இல்லை. ஈர நெகட்டிவை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். பஸ் பணிமனையில் ஒரு பெண் டிரைவர் ஸ்டியரிங்கில் முழங்கையை ஊன்றித் தேநீர் குடிக்கும் படம். கம்பளிச் சட்டையின் இழை, தேநீர் ஆவி, கண் இமை, எல்லாம் எண்ணிவிடலாம் போல இருந்தன.

"இன்னிக்குப் பன்னிரண்டாம் நம்பர் என் பேச்சைக் கேட்டுடுச்சு" என்றார் மெல்லிய குரலில்.

"எல்லாம் உங்க கைப்பக்குவம் அத்தான்" என்றாள் தராசு. சமையலறையில் பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது. அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் போட்டது.

அந்தச் சனிக்கிழமை சங்கக் கூட்டத்துக்குத் தராசும் கூடப் போனாள். தன் குழந்தை பள்ளிக்கூட மேடையில் ஆடுவதைப் பார்க்கப் போகிற தாய் மாதிரி முன்வரிசையில் இடம் பிடித்தாள். பெண் டிரைவர் படத்தைச் சுவரில் மாட்டியதும் பதினாலு பேரும் மூக்கு ஒட்டுமளவு நெருங்கிப் பார்த்தார்கள். சங்கத்தில் வாய் நீளம் ஒரு பல் டாக்டருக்குத்தான். யார் படத்தைக் காட்டினாலும் அதில் சொத்தை தேடுகிறவர். அவருக்கே அன்றைக்கு ஒரு சொத்தையும் கிடைக்கவில்லை.

"செயலாளரே, இது பழைய பன்னிரண்டு இல்ல" என்றார். "என்னமோ மாத்தியிருக்கீங்க."

"சின்னதா ஒரு நகாசு" என்றார் அத்தான், கூச்சத்தோடு.

"எனக்கு ஒரு பாட்டில் வேணும்."

எல்லாருக்கும் வேண்டும் என்றார்கள்.

பிரச்சினை அங்கே ஆரம்பித்தது. மறுநாள் அத்தான் புதுப் பாக்கெட் ஒன்றைக் கரைத்தார், எண்ணெய் விட்டார், ஒரு படத்தைக் கழுவிப் பார்த்தார். படம் நன்றாகத்தான் வந்தது, எப்போதும் வருவது போல. போன வாரத்து நூல் துல்லியம் இல்லை. பாட்டிலை மோந்தார். மறுபடி கரைத்தார். தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பார்த்தார், ஆற வைத்துப் பார்த்தார். எண்ணெயை நாலு சொட்டாக்கினார், எட்டாக்கினார். வீடே பல் ஆஸ்பத்திரி மாதிரி மணந்தது. வார நாட்களில்கூட இருட்டறைக்குள் போக ஆரம்பித்தார். இப்போது உள்ளேயிருந்து கண்ணாடிக் கோல் சத்தம் வரவில்லை. உண்மையாகவே கலக்குகிற மனிதருக்குத் தாளம் போட நேரமில்லை. செருப்பு அலமாரியில் பூட்ஸ் நிரம்பி வழிந்தது.

முதலில் தராசுக்கு ரொம்பவும் வேடிக்கையாக இருந்தது. "எந்த நம்பர்ல இருக்கீங்க அத்தான்?" என்று தினமும் கேட்டாள். "பத்தொன்பது" என்றார் ஒருநாள். "இருபத்தி மூணு" என்றார் இன்னொரு நாள். அப்போது அவர் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. ஐந்து வருஷமாகக் கதையாகச் சொன்ன தோல்விகளை மனுஷன் இப்போது ஒவ்வொன்றாகப் பட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டுத் தட்டில் பாதி அப்படியே மிஞ்சியது.

"போதும்டி. சொல்லிடு" என்றாள் அக்கா.

"இன்னும் ரெண்டு நாள்."

அந்த இரண்டு நாளுக்குள் சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் செயலாளர் எல்லார் முன்னாலும் பன்னிரண்டாம் நம்பரைக் கலந்து காட்ட வேண்டும் என்று தீர்மானம். முன்மொழிந்தவர் பல் டாக்டர். அத்தான் கடிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு சோபாவில், தராசின் தலையணைக்குப் பக்கத்தில், இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"தராசு, உன்கிட்ட தலைவலி மாத்திரை இருந்தா ரெண்டு குடும்மா."

அவள் பையைத் திறந்து மாத்திரைப் பட்டையை எடுத்தாள். இரண்டைக் கிள்ளி அவர் கையில் வைக்கும்போது சிரிப்பு தொண்டையில் முட்டியது. எவ்வளவோ அடக்கினாள்.

"தலைவலிக்கு இது ரெண்டு போதும் அத்தான். பன்னிரண்டாம் நம்பருக்குன்னா முப்பது வேணும்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. அவள் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். தூசியில் வரைந்த முகத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் காது சிவந்தது. பூட்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்டூலில் ஏற்றிய கதையைக் கேட்டதும் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார். அக்கா மேசை துடைக்கும் வேலையில் மும்முரமாக இருந்தாள்.

"அதான் சல்பைட் டப்பா லேசா இருந்துச்சா" என்றார் கடைசியில். மாத்திரை இரண்டையும் உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். அவர் கோபித்திருந்தால் தராசு சமாளித்திருப்பாள். அவர் அப்படிக் குனிந்து உட்கார்ந்திருப்பதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"ஏன் அத்தான் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள். குரலில் கேலி இல்லை.

"வேணும்னு சொல்லல. சங்கத்துல சேர்ந்த முதல் நாள். எல்லார் கழுத்துலயும் முழங்கை நீளத்துக்கு லென்ஸ். என்கிட்ட அந்தப் பழைய டப்பா கேமரா. என் படத்தைப் பார்த்துட்டு ஒருத்தர், நல்லாருக்கே, எதுல கழுவுனீங்கன்னார். கடைப் பாக்கெட்டுன்னு சொல்ல வாய் வரல. நானே கலக்குறதுன்னுட்டேன். உடனே எனக்கொரு பாட்டில்னு கேட்டார். அதுக்கப்புறம் எங்க இறங்குறது?" அவர் மாத்திரை இரண்டையும் பார்த்தார். "பெயரும் வேணுமேன்னு பன்னிரண்டுன்னு வச்சேன். ஒண்ணுன்னு வச்சா யாரும் நம்ப மாட்டாங்க பாரு."

இதைக் கேட்டதும் முதலில் சிரித்தது அக்கா. மேசைத் துணியை முகத்தில் அழுத்திக்கொண்டு சிரித்தாள். அது தங்கைக்குத் தொற்றியது. அத்தான் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கும்போது புரையேறி, இருமலும் சிரிப்புமாகத் தானும் சேர்ந்துகொண்டார்.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால், அத்தானும் கொழுந்தியாளும் குளியலறையில் ஒன்றாக நின்று கலந்தார்கள். அவர் எடை போட்டார். அவள் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு, "இன்னும் அரை கிராம். கைப்பக்குவத்தைக் குறைங்க" என்றாள்.

சனிக்கிழமை நூலகத்து மாடியில் நாற்காலி போதவில்லை. மேசைமேல் மாத்திரைப் பட்டைகள், வெள்ளை டப்பாக்கள், கல்வம், எடைத்தராசு. அத்தான் தொண்டையைக் கனைத்தார். புகார்க் கடிதத்துக்குப் பதில் எழுதுகிறவருக்கு நீட்டி முழக்கத் தெரியாதா? ஆனால் அன்றைக்கு நாலே வாக்கியத்தில் முடித்துவிட்டார். பன்னிரண்டாம் நம்பர் என்று ஒன்று கிடையாது. இத்தனை வருஷமாக நான் கொடுத்தது கடையில் விற்கிற பாக்கெட், அதில் வாசனைக்கு இரண்டு சொட்டுக் கிராம்பு எண்ணெய். நீங்கள் பாராட்டிய அந்த ஒரு படத்தைக் கழுவிய டெவலப்பர் மட்டும்தான் வீட்டில் கலந்தது. அதைக் கலந்தவள் என் கொழுந்தியாள்.

யாராவது எழுந்து வெளியே போவார்கள் என்று தராசு எதிர்பார்த்தாள். எழுந்தார், பல் டாக்டர். முகம் சிவந்திருந்தது.

"கிராம்பு எண்ணெய் சும்மா வாசனைக்குன்னா சொல்றீங்க?"

"ஆமா டாக்டர். மன்னிச்சுக்கணும்."

"அது எப்படி சும்மா வாசனைக்கா இருக்கும்?"

"அதுக்கு வேற வேலை இல்ல டாக்டர்."

"இருக்கு" என்றார் டாக்டர் அழுத்தமாக. "முதல் நாளே மோந்து பார்த்துக் கண்டுபிடிச்சுட்டேன். நாள் பூரா என் கையில இருக்கற எண்ணெய், எனக்குத் தெரியாதா? மூணு வருஷமா நான் கழுவுற எல்லாப் படத்துலயும் ரெண்டு சொட்டு விடுறேன். கிரெயின் வெண்ணெய் மாதிரி வருது. அதை வச்சு ஒரு கட்டுரையே எழுதிட்டேன்."

"அதுல ஒண்ணுமே இல்ல டாக்டர். நான்தானே ஊத்துனது."

"ஊத்துனது நீங்களா இருக்கலாம். அதோட குணம் உங்களுக்குத் தெரியல."

பின்வரிசையில் யாரோ கனைத்தார். உடனே இன்னொருவர் எழுந்து, அந்த வாசனை ஏலக்காயோ என்று சந்தேகப்பட்டு, தான் ஆறு மாதமாக டெவலப்பரில் அதைத் தட்டிப் போட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். மூன்றாமவர் தன் வீட்டு வாய் கொப்பளிக்கும் தைலத்தைப் பற்றி வாய் திறந்தார். ரகசியத்தைத் திருடாத ஆள் அந்த அறையில் நாலு பேர் தேறியிருந்தால் அதிகம். அத்தான் மன்னிப்புக் கேட்கத் தயாராக வந்தவர். கடைசியில், மற்றவர்கள் ஒருத்தரை ஒருத்தர் அடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் அவர் இறங்க வேண்டியதாயிற்று. மேசையைத் தட்டித் தட்டி, "கிராம்பு கட்சி இந்தப் பக்கம், மத்தவங்க அந்தப் பக்கம், ஒரே படத்தை ரெண்டு விதமா கழுவிப் பார்த்துடலாம்" என்றார். அவர் இனியும் செயலாளரா இல்லையா என்று கேட்க யாருக்கும் நினைவே வரவில்லை.

தராசு எழுந்து மாத்திரையை இடித்துக் காட்டினாள். மூன்று நாள் ஊற வேண்டும் என்று சொல்லி, ஏற்கெனவே ஊறியதை எடுத்து ஒரு சுருளைக் கழுவினாள். எட்டாவது நிமிஷம் டேங்கைக் கவிழ்த்தபோது எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸரும் முடிந்து நெகட்டிவை உயர்த்தியதும் கைதட்டினார்கள். பல் டாக்டர் மட்டும் கைகட்டி நின்று, "நல்லாத்தான் இருக்கு. ரெண்டு சொட்டு விட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றார். அன்றே அவளைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் முடிந்து குழாய் வேலையும் முடிந்து, தராசு தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அத்தான் அவளை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. மதிய நேரங்களில் மருந்தகப் பக்கம் வருவார், கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு நிமிஷம் பேசிவிட்டுப் போவார். நல்ல மனுஷன், மறந்துவிட்டார் என்று அவள் நினைத்தாள்.

சங்கத்தின் வருடாந்தரக் கண்காட்சிக்கு அவள் தாமதமாகத்தான் போனாள். மாடிப்படியிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. உள்ளே கூட்டம் எல்லாம் ஒரே படத்தின் முன்னால் நின்றது. கூட வேலை செய்கிறவர்கள் ஆறு பேர், அக்கா, ஆஸ்பத்திரித் தலைமை மருந்தாளுநர்கூட. அவளைப் பார்த்ததும் வழி விட்டார்கள்.

மேசை அகலத்துக்குப் பெரிதாக்கிய படம். மருந்தகத்தின் பின்னறை, மதிய உணவு வேளை. வெள்ளைக் கோட்டோடு ஒரு பெண் நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து, வாயை அகலத் திறந்து, ஊரை மறந்து தூங்குகிறாள். கடைவாய்ப் பல்லில் அடைத்த சிமெண்டு வரைக்கும் தெரிந்தது. கன்னத்தில் வழிந்த எச்சில் தாரையில், எதிரே இருந்த ஜன்னல் அச்சு அசலாகப் பிரதிபலித்தது. கீழே அதே அழகான கையெழுத்தில், 'கடமையில் மருந்தாளுநர்'. பக்கத்தில் முதல் பரிசு நாடா.

"நடுவர் நான்தான்" என்றார் பல் டாக்டர் பெருமையாக. "இப்படி ஒரு கடைவாய்ப் பல்லை நான் எக்ஸ்ரேயில கூடப் பார்த்ததில்ல."

தராசு அத்தானைத் தேடினாள். அவர் தூரத்தில் ஒரு தூணுக்குப் பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேறு யாருடைய படத்தையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான்" என்றாள் பக்கத்தில் போய், பல்லைக் கடித்துக்கொண்டு. "இதை எதுல கழுவுனீங்க?"

"உன்னோடதுலதாம்மா" என்றார் அவர். "என்ன துல்லியம் பாரு."